பத்து மாதம் நின்ற கார், சூடானதும் அணைகிறது: கோளாறை எங்கே தேடுவது?

கேள்வியின் சாரம் இது. 2014 மாடல் பெட்ரோல் கார், நான்கு சிலிண்டர் எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர்). வீட்டார் வெளிநாட்டில் இருந்ததால் தஞ்சாவூரில் போர்ட்டிகோவிலேயே பத்து மாதம் நின்றிருக்கிறது. வந்து புது பேட்டரி போட்டதும் ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஆனால் இருபது, இருபத்தைந்து நிமிடம் ஓடியதும் ஜெர்க் அடிக்கிறது. சில நாள் நடுரோட்டிலேயே அணைந்துவிடுகிறது. அரை மணி நேரம் விட்டால் எதுவுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. பட்டறையில் பிளக் மாற்றினார்கள், த்ராட்டில் பாடி சுத்தம் செய்தார்கள், பலன் இல்லை. இப்போது இ.சி.எம். (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) போயிருக்கும் என்கிறார்கள். செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிவதில்லை. என்ன செய்வது?

முதலில், இ.சி.எம். மாற்றச் சம்மதிக்காதீர்கள். சும்மா நின்ற வண்டியில் இ.சி.எம். கெடுவது அபூர்வம். அதற்கு வரும் 12 வோல்ட், அதன் எர்த், இன்ஜின் சுற்றுவதை அதற்குச் சொல்லும் கிராங்க் சென்சார் சிக்னல் மூன்றையும் கோளாறு நடக்கும் நேரத்தில் அளந்து, மூன்றும் சரி என்று தெரிந்த பிறகுதான் அதன் மேல் சந்தேகப்படலாம். செகண்ட் ஹேண்டில் ஒன்றை வாங்கிப் போட்டாலும் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு அமைப்பு) ஒத்துக்கொள்ளாது. சாவியோடு சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும், அது தனிச் செலவு.

விட்டுவிட்டு வரும் கோளாறில் பெரும்பாலானோர் கோட்டை விடுவது ஒரே இடத்தில்தான். வண்டி நன்றாக ஓடும்போது அதைச் சோதிக்கிறார்கள். பட்டறைக்குள் போய் வரிசையில் நிற்பதற்குள் இன்ஜின் ஆறிவிடும், எல்லா அளவும் சரியாக வரும், அப்புறம் ஊகத்தில் ஒவ்வொரு பாகமாக மாற்றத் தொடங்குவார்கள். வண்டி அணைந்த அந்த இரண்டு நிமிடத்தில் இன்ஜினுக்கு எது வரவில்லை, பெட்ரோலா ஸ்பார்க்கா அல்லது இரண்டுமேயா என்று பார்த்துவிட்டால் தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல் சுருங்கிவிடும். ஆகவே கீழே சொல்வதில் பெரும்பகுதி அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றியதுதான்.

இருபது நிமிடம் ஏன் முக்கியம்

நின்ற வண்டி என்றதும் எல்லோரும் பழைய பெட்ரோலைக் குற்றம் சொல்வார்கள். பெட்ரோலில் சீக்கிரம் ஆவியாகும் பகுதிதான் முதலில் பறந்துபோகிறது. அது குறைந்தால் காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் ஆவது கடினமாகும், முதல் சில நிமிடம் திணறும், சூடானதும் சரியாகும். உங்கள் வண்டி நேர்மாறாக நடக்கிறது. குளிர்ச்சியில் சுத்தமாக ஸ்டார்ட் ஆகி, சூடான பிறகு நின்று, ஆறினால் மறுபடி ஓடுகிறது. எனவே பழைய பெட்ரோல் உங்கள் பட்டியலில் இருக்கட்டும், ஆனால் முதல் இடத்தில் வேண்டாம்.

சூடானதும் அணைந்து ஆறினதும் ஓடும் வண்டியில், அதுவும் மாதக்கணக்கில் நின்ற வண்டியில், நான்கு இடங்களை முதலில் பார்க்க வேண்டும்: டேங்குக்குள் காற்று போகும் வழி அடைபட்டிருப்பது, கிராங்க் ஷாஃப்ட் பொசிஷன் சென்சார், டேங்குக்குள் இருக்கும் ஃப்யூவல் பம்ப், மெயின் ரிலே அல்லது பம்ப் ரிலே (ரிலே என்பது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்). நான்குமே அரை மணி நேரம் விட்டால் தானாகச் சரியாகிவிடும். அதனால்தான் ஆறிய வண்டியை வைத்து இவற்றைப் பிரித்தறிய முடிவதில்லை.

அணைந்த உடனே பார்க்க வேண்டியவை

நடுரோட்டில் அணைந்தால் பவர் ஸ்டியரிங் உதவி போய்விடும். பிரேக் பூஸ்டரில் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வேக்குவம் மிஞ்சியிருக்கும். பதற்றத்தில் பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள், ஹசார்ட் லைட் போடுங்கள். சோதனை ஓட்டத்துக்கு நெரிசல் இல்லாத, ஓரம் கட்ட இடமுள்ள சாலையைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் ஒரு ஆள் இருப்பது நல்லது.

அணையும் விதத்தையே முதலில் கவனியுங்கள். சுவிட்சை அணைத்தது போல ஒரே நொடியில் நின்றால் அது மின்சாரம், சென்சார் பக்கம். பிக்கப் குறைந்து, திணறி, இழுத்து இழுத்து நின்றால் பெட்ரோல் வரத்துப் பக்கம். இன்ஜின் அணைந்தும் வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போது ஆர்.பி.எம். முள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சக்கரம் இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே முள் விருட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் கிராங்க் சென்சார் சிக்னல் போய்விட்டது என்று பெரும்பாலும் அர்த்தம். வேகம் குறையக் குறைய முள்ளும் மெதுவாக இறங்கினால் சிக்னல் இருக்கிறது, வேறெங்கோ கோளாறு.

ஓரம் கட்டியதும் உடனே செல்ஃப் அடிக்காதீர்கள். முதலில் இறங்கி டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கிற சத்தம் பலமாகக் கேட்கிறதா? கேட்டால் டேங்குக்குக் காற்று போகும் வழி அடைபட்டிருக்கலாம். அதன் பிறகு சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள். செக் இன்ஜின் விளக்கு எரிய வேண்டும். அதே நேரம் பின்சீட்டுப் பக்கம் பம்ப் இரண்டு நொடி 'ம்ம்' என்று ஓடும் சத்தம் கேட்க வேண்டும். விளக்கே எரியவில்லை என்றால் இ.சி.எம்.முக்குக் கரண்ட் வரவில்லை. மெயின் ரிலே, அதன் பியூஸ், இக்னிஷன் சுவிட்ச், எர்த் இவைதான் தேட வேண்டியவை. விளக்கு எரிந்து பம்ப் சத்தம் மட்டும் இல்லை என்றால் பம்ப் ரிலேயும் பம்பும். இரண்டும் சரியாக இருந்தால் இப்போது செல்ஃப் அடித்து, ஸ்கேனரில் ஆர்.பி.எம். அளவைப் பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது 150 முதல் 300 வரை ஏதாவது ஒரு எண் காட்ட வேண்டும். பூஜ்யத்திலேயே நின்றால் கிராங்க் சென்சார், அல்லது அதன் வயர்.

இங்கே பலர் தவறாக முடிவெடுக்கும் ஒரு நுணுக்கம் உண்டு. கிராங்க் சிக்னல் இல்லாவிட்டால் இன்ஜின் சுற்றவில்லை என்று நினைத்து இ.சி.எம். பம்பையும் நிறுத்திவிடும். ஆகவே செல்ஃப் அடிக்கும்போது பம்ப் ஓடவில்லை என்பதை வைத்துப் பம்பைக் குறை சொல்லக் கூடாது. சாவி ஆன் செய்த முதல் இரண்டு நொடிச் சத்தம்தான் சாட்சி. அந்தச் சத்தம் இருந்து, செல்ஃப் அடிக்கும்போது மட்டும் ஸ்பார்க்கும் பம்பும் இரண்டுமே இல்லை என்றால் சந்தேகம் சென்சார் மேல்தான் விழ வேண்டும்.

இந்தச் சோதனைக்குத் தேவையானவை ஒரு மல்டிமீட்டர், ஒரு ஸ்பார்க் டெஸ்டர், இ.சி.எம்.மில் பதிவானதைப் படித்துப் போனில் காட்டும் ப்ளூடூத் ஓ.பி.டி. ஸ்கேனர். பெரிய ஸ்கேனர் தேவையில்லை. லைவ் டேட்டா காட்டினால் போதும்.

டேங்க் மூச்சு விடுகிறதா

நின்ற வண்டிகளில் அதிகம் கவனிக்கப்படாத காரணம் இது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். கார்பன் கேனிஸ்டர் (பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப் பெட்டி) வழியாக, அதன் வெண்ட் குழாய் மூலம் அது வருகிறது. அந்தக் குழாயின் திறந்த முனை மாடலைப் பொறுத்துப் பின்சக்கரத்துக்கு மேலேயோ டேங்க் பக்கமோ இன்ஜின் அறையின் அடியிலோ இருக்கும். நம் ஊரில் நின்ற வண்டியில் மண்குளவி கூடு கட்ட இதைவிட நல்ல ஓட்டை கிடைக்காது. சிறு துளை, வெளிச்சம் படாத இடம், மழை நனையாது. ஒரு கூடு போதும் குழாய் முழுக்க அடைபட.

அடைபட்டால் பம்ப் பெட்ரோலை இழுக்க இழுக்க டேங்குக்குள் வெற்றிடம் கூடிக்கொண்டே போகும். இருபது நிமிடத்தில் பம்ப் இழுக்கத் திணறும். சூடான பெட்ரோல் குறைந்த அழுத்தத்தில் எளிதாக ஆவியாகும். பம்ப் திரவத்துக்குப் பதில் ஆவியைப் பிடிக்கும். வேகம் எடுக்கும்போது ஜெர்க் வரும், பிறகு நிற்கும். நின்ற பிறகு சிறு கசிவுகள் வழியாகக் காற்று மெல்ல உள்ளே போய் அரை மணி நேரத்தில் சமநிலைக்கு வந்துவிடும். உங்கள் வண்டியின் போக்கு இதற்கு அப்படியே பொருந்துகிறது. டேங்க் மூடியில் வெற்றிடத்தை விடுவிக்கும் சிறு வால்வு ஒன்று உண்டு. அது வேலை செய்தால் பிரச்சினை இந்த அளவுக்கு வராது; ஆனால் பழைய மூடியில் அது ஒட்டிக்கொண்டிருப்பது சகஜம்.

சோதிக்கச் செலவில்லை. டேங்கில் பாதி பெட்ரோல் இருக்கும்போது மூடியை ஒரு 'கிளிக்' கூட வராத அளவுக்குத் தளர்வாக வைத்து, வழக்கமாக அணையும் தூரத்தைத் தாண்டி ஓட்டிப் பாருங்கள். கோளாறு வரவில்லையென்றால் மூடியை இறுக்கி அதே வழியில் மறுபடி ஓட்டுங்கள். இறுக்கினால் மட்டும் வந்தால் விஷயம் முடிந்தது. இது சோதனைக்கு மட்டும். தளர்ந்த மூடியோடு தொடர்ந்து ஓட்டக் கூடாது. டேங்க் நிரம்பியிருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம், வளைவில் பெட்ரோல் சிந்தும். அடைப்பு உறுதியானால் வெண்ட் குழாயைக் கேனிஸ்டரிலிருந்து கழற்றித் தனியாக ஊதுங்கள். கழற்றாமல் கம்ப்ரசர் காற்றை அடித்தால் மண் கேனிஸ்டருக்குள்ளேயே போய்ச் சேரும், வால்வு கெடும்.

கிராங்க் சென்சார்

பிளைவீல் பக்கமோ கிராங்க் புல்லி பக்கமோ இன்ஜின் பிளாக்கோடு ஒட்டி இருப்பதால் இது நன்றாகச் சூடாகும். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச் சுருளில் ஒரு விரிசல் இருந்தால் சூட்டில் விரிந்து தொடர்பு அறும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். நின்றதால் சென்சார் கெட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் நின்ற காலத்தில் அதன் கப்ளரில் ஈரம் இறங்கிப் பின்கள் பச்சை பூத்திருக்கும், அல்லது எலி வயரைக் கடித்திருக்கும். சென்சார் விலை கொடுத்து வாங்குவதற்கு முன் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். காண்டாக்ட் கிளீனர் அடித்து, உலரவிட்டு, பின்கள் தளர்ந்திருந்தால் இறுக்கி மாட்டிய பிறகு கோளாறு போய்விடும் வண்டிகள் நிறைய.

சென்சாரில் இரண்டு வயர் இருந்தால் அது பெரும்பாலும் காந்தச் சுருள் வகை. குளிர்ந்தபோது ஓம் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஹேர் டிரையரால் சூடுபடுத்தி மறுபடி அளங்கள். சூட்டில் கொஞ்சம் ஏறுவது இயல்பு. திடீரென்று முடிவிலிக்குப் போனாலோ துள்ளினாலோ சென்சார் போயிற்று. மூன்று வயர் இருந்தால் பெரும்பாலும் ஹால் (மின்னணு) வகை. அதை ஓமில் சோதிக்க முடியாது, சோதிக்கவும் கூடாது. அதற்கு வரும் சப்ளை வோல்ட், எர்த், செல்ஃப் சுற்றும்போது சிக்னல் மாறுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். வீட்டு வாசலிலேயே இன்னொரு வழி: வண்டியை ஐட்லிங்கில் விட்டு, ஹேர் டிரையரால் சென்சாரை மட்டும் ஐந்து நிமிடம் சூடாக்குங்கள். அணைந்தால், ஈரத்துணியால் ஒத்தி ஆறவைத்து உடனே செல்ஃப் அடியுங்கள். அரை மணி நேரம் காத்திருக்காமல் ஸ்டார்ட் ஆகிவிட்டால் வேறு சாட்சி வேண்டாம். செய்யும் முன் பெட்ரோல் கசிவு, பெட்ரோல் வாசனை எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பெல்ட், ஃபேன் பக்கம் கையும் சட்டையும் போகக் கூடாது.

இந்தச் சென்சாரில் மலிவான டூப்ளிகேட் வாங்குவது வீண். ஒரு மாதத்தில் இதே கோளாறு திரும்பி வரும், அப்போது யாரும் புது சென்சாரைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

பம்ப், ரிலே

பம்ப் பெட்ரோலிலேயே மூழ்கி இருக்கிறது. பெட்ரோல்தான் அதைக் குளிர்விக்கிறது. கால் டேங்குக்குக் கீழே வைத்துக்கொண்டு ஓட்டினால் பம்ப் அதிகம் சூடாகும். பத்து மாதம் அசையாமல் கிடந்ததில் உள்ளே பிசின் படிந்திருக்கலாம், அடியில் உள்ள வலை வடிகட்டி அடைபட்டிருக்கலாம். அப்படியான பம்ப் முதல் இருபது நிமிடம் ஓடிவிட்டுச் சூட்டில் தளரும்.

இதைக் கண்டுபிடிக்க ஃப்யூவல் பிரஷர் கேஜ்தான் சரியான கருவி. லைனில் டீ (T வடிவ இணைப்பு) போட்டு மாட்டி, கேஜை வெளியே கண்ணாடி மேல் வைப்பருக்கு அடியில் டேப் போட்டு நிறுத்தி ஓட்டுங்கள். காருக்குள் கொண்டுவரக் கூடாது. இந்த வகை இன்ஜின்களில் பொதுவாக 3 முதல் 4 பார் இருக்கும், உங்கள் மாடலின் எண்ணை சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெர்க் வரும் அதே நேரத்தில் முள் இறங்கினால் பெட்ரோல் வரத்துதான் குற்றவாளி. முள் அசையாமல் நின்றும் ஜெர்க் வந்தால் பம்பை விட்டுவிடலாம். இறங்கினாலும் உடனே பம்பை மாற்றாதீர்கள். பம்ப் கப்ளரில் வோல்ட் பாருங்கள். பேட்டரியில் 14 இருக்கும்போது பம்பில் 12.5தான் வருகிறது என்றால் ஒன்றரை வோல்ட் வழியில் எங்கோ தொலைகிறது; பம்ப் நன்றாகவே இருக்கும், குற்றம் ரிலே முனையிலோ எர்த்திலோ. அரை வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருக்கக் கூடாது.

ரிலேயைச் சோதிக்க எளிய வழி, அதே எண் கொண்ட ஹார்ன் ரிலேயோடு இடம் மாற்றிப் போட்டு ஓட்டுவது. அதன் பிறகும் வண்டி நின்றால் குற்றம் ரிலேயில் இல்லை; நிற்கவில்லை என்றால் பழைய ரிலேதான் காரணம். ரிலே செருகும் துளைகளில் கருகல், நிறமாற்றம் இருந்தால் அங்கேதான் சூடு உண்டாகிறது. ரிலே மட்டும் மாற்றிப் பயனில்லை.

பெட்ரோலை ஒரு பாட்டிலில் பிடித்துப் பாருங்கள்

முதல் சந்தேகம் இல்லை என்றாலும் பத்து மாதப் பெட்ரோலைப் பார்க்காமல் விடக் கூடாது. இப்போது இந்தியாவில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. 2022 நடுப்பகுதியில் 10 சதவீதத்தை எட்டி, அதன் பிறகு 20 சதவீதத்தை நோக்கி நகர்ந்தது. எத்தனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். 10 சதவீதக் கலவை ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 5 மில்லி தண்ணீர் வரை தாங்கும். மேலே போனால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனி அடுக்காக டேங்கின் அடியில் இறங்கிவிடும். பம்ப் இழுப்பது அடியிலிருந்துதான். 20 சதவீதக் கலவை இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். மூடிய டேங்கில் காற்றின் ஈரத்தால் மட்டும் இந்த அளவு தண்ணீர் சேர்வது அரிது. மூடியின் ரப்பர் வெடித்து மழைநீர் இறங்கியிருந்தால், அல்லது வெள்ளத்தில் நின்றிருந்தால் நடக்கும்.

கண்ணாடி பாட்டிலில் கால் லிட்டர் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கு, அல்லது பால் போன்ற கலங்கல் தெரிந்தால் டேங்கை முழுவதும் இறக்க வேண்டும். தெளிவாக இருந்தும் நிறம் கறுத்து, வார்னிஷ் போலப் புளித்த வாசனை அடித்தாலும் இறக்கிவிடுங்கள். சும்மா நிறம் கொஞ்சம் மங்கியிருந்தால் புதுப் பெட்ரோலை மேலே நிரப்பி ஓட்டினாலே போதும். வாயால் உறிஞ்சி எடுக்க வேண்டாம். திறந்த வெளியில், பேட்டரி நெகட்டிவ் கழற்றி, தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் வைத்து, பெட்ரோலுக்கென்று இருக்கும் கேனில் இறக்குங்கள். அடிட்டிவ் பாட்டில்களை ஊற்றித் தண்ணீரைச் சரிசெய்யப் பார்ப்பது காசுக்குக் கேடு.

எலியும் எர்த்தும்

போர்ட்டிகோவில் பத்து மாதம் என்றால் பானெட்டுக்குள் எலி வராமல் இருந்திருக்காது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறங்கள்; பஞ்சு, காகிதத் துண்டு, எலிப் புழுக்கை இருந்தால் வயரிங் முழுவதையும் பார்த்தாக வேண்டும். இன்டேக் மேனிஃபோல்டுக்கு மேலே இன்ஜெக்டர் வயர்கள், பேட்டரி தட்டுக்கு அடியில் போகும் கட்டு, கீழே ஆக்சிஜன் சென்சார் வயர் இவை எலிக்குப் பிடித்த இடங்கள். பெட்ரோல் ஹோஸையும் விரலால் தடவிப் பாருங்கள். அதில் பல் பட்டிருந்தால் மாற்றும் வரை வண்டியை எடுக்காதீர்கள். மேலுறை மட்டும் கடிபட்டு உள்ளே நான்கைந்து இழை மிச்சமிருக்கும் வயர் குளிர்ச்சியில் வேலை செய்யும், அதிர்விலும் சூட்டிலும் அறும். ஐட்லிங்கில் விட்டு ஒவ்வொரு கட்டாகப் பிடித்து மெதுவாக வளைத்து ஆட்டுங்கள். இன்ஜின் தடுமாறும் இடத்தில் நிறுத்திப் பிரித்துப் பாருங்கள். முறுக்கி டேப் சுற்றினால் ஆறு மாதத்தில் மறுபடி வரும். சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். கிராங்க் சென்சார் வயருக்குச் சில மாடல்களில் வெளியே உலோக வலைக் கவசம் இருக்கும். அதைச் சேர்க்காமல் விட்டால் ஸ்பார்க்கின் இரைச்சல் சிக்னலில் கலந்து புதுக் கோளாறு கிளம்பும்.

புது பேட்டரி போட்டபோது டெர்மினல் சரியாக இறுகியதா? கையால் திருகிப் பாருங்கள். இம்மியும் அசையக் கூடாது. அடுத்து இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை. பார்வைக்கு நன்றாக இருக்கும், போல்ட்டுக்கு அடியில் துரு பிடித்திருக்கும். இன்ஜின் ஓட, ஹெட்லைட்டும் ஏ.சி. புளோயரும் ஆன் செய்து, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பாடியில் வைத்தாலும் அப்படியே. செல்ஃப் அடிக்கும்போது பிளாக்கில் 0.3 வரை போகலாம். அதற்கு மேல் காட்டினால் போல்ட்டைக் கழற்றி, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து இறுக்குங்கள். ஐட்லிங்கில் பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை. இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி ஆல்டர்நேட்டரைச் சோதிக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அனுமதிக்காதீர்கள், அந்த நொடியில் எகிறும் வோல்ட்தான் உண்மையிலேயே இ.சி.எம்.மைக் கொல்லும்.

ஸ்கேனரில் எதைப் படிப்பது

விளக்கு எரியாவிட்டாலும் பெண்டிங் கோடு (இன்னும் உறுதியாகாத கோளாறு எண்) இருக்கலாம். கோடை அழிப்பதற்கு முன் அதோடு பதிவான ஃப்ரீஸ் ஃப்ரேமைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோளாறு நடந்தபோது இன்ஜின் சூடு, வேகம், லோடு எல்லாம் அதில் இருக்கும். பி0335 என்றால் கிராங்க் சென்சார் சுற்று, பி0340 கேம் சென்சார் சுற்று, பி0171 காற்றுக் கலவையில் பெட்ரோல் குறைவு, பி0300 எந்த சிலிண்டர் என்று நிலையில்லாத மிஸ்ஃபயர் (எரிப்பு தவறுவது). பி0301 முதல் 0304 வரை என்றால் குறிப்பிட்ட சிலிண்டர். அந்த சிலிண்டரின் இக்னிஷன் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு, மிஸ்ஃபயர் கூடவே நகர்கிறதா பாருங்கள்.

கோடே இல்லையென்றால் மூன்று எண்கள் போதும். ஒன்று, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் கூலன்ட் சூடும் இன்டேக் காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பத்து டிகிரி வித்தியாசம் காட்டினால் ஒரு சென்சார் பொய் சொல்கிறது. இரண்டு, மேப் சென்சார் (இன்டேக் மேனிஃபோல்டின் காற்றழுத்தத்தை அளப்பது). இன்ஜின் ஓடாமல் சாவி ஆனில் தஞ்சாவூரில் 100 கிலோபாஸ்கல் அளவு காட்ட வேண்டும். இதே வண்டி கோயம்புத்தூரில் 96, ஊட்டியில் 77 என்று காட்டினால் அது கோளாறு இல்லை, உயரம்தான் காரணம். மூன்று, ஃப்யூவல் ட்ரிம் (இ.சி.எம். பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்). ஐட்லிங்கில் கூட்டல் 15க்கு மேல் போய், 2500 ஆர்.பி.எம்.மில் சரியாகிவிட்டால் எங்காவது வேக்குவம் ஹோஸ் வெடித்துக் காற்று புகுகிறதா என்று தேடுங்கள். நின்ற வண்டியில் ரப்பர் காய்ந்து வெடிப்பது இயல்பு. ஐட்லிங்கில் சரியாக இருந்து லோடில் கூடிக்கொண்டே போனால் பெட்ரோல் வரத்து போதவில்லை. பம்ப், வலை, டேங்க் வெண்ட் என்று முன்பு சொன்ன இடங்களுக்கே திரும்புங்கள்.

செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் அது எச்சரிக்கையின் உச்சம்: எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. ஆக்சிலரேட்டரை விட்டு ஓரம் கட்டுங்கள். கன்வெர்ட்டர் விலை நீங்கள் தேடும் எந்தப் பாகத்தின் விலையையும் விட அதிகம்.

பெட்ரோல் போட்ட உடனே மட்டும் ஸ்டார்ட் ஆகத் திணறினால் கேனிஸ்டர் ஆவியை இன்ஜினுக்கு விடும் பர்ஜ் வால்வு திறந்தே நிற்கலாம். ஸ்டார்ட் ஆகி இரண்டே நொடியில் அணைந்து இம்மொபிலைசர் விளக்கு மின்னினால் சாவி. கம்ப்ரஷன் டெஸ்ட்டை உங்கள் வண்டிக்கு இப்போதைக்கு ஒத்திப்போடலாம். வால்வு ஒட்டுவதோ ரிங் பிடிப்பதோ காலைக் குளிரில் தெரியும், இருபது நிமிடம் கழித்து முளைக்காது. டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே முதலில் ஃபில்டர் அடியில் உள்ள வடிகால் திருகைத் திறந்து தண்ணீர் இறக்குவது, பிறகு லைனில் காற்று புகும் இடத்தைத் தேடுவது.

உங்களுக்கு நான் சொல்லும் வரிசை: இன்றே டெர்மினல், எர்த், எலிக்கடி பாருங்கள், காசில்லை. நாளை டேங்க் மூடித் தளர்வுச் சோதனை. அதில் மாற்றமில்லையென்றால் ஸ்கேனரோடு ஓட்டி, அணைந்த நொடியில் மேலே சொன்ன வரிசையில் பாருங்கள். அதன் பிறகுதான் பிரஷர் கேஜ் உள்ள பட்டறை. அங்கே போகும்போது "சூடானால் நிற்குது" என்று மட்டும் சொல்லாமல், நின்றபோது முள் விழுந்ததா, பம்ப் சத்தம் இருந்ததா, மூடி திறந்தபோது காற்று இழுத்ததா என்று எழுதிக் கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பாகம் மட்டும் மாற்றச் சொல்லுங்கள், பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரியானதாகத் தோன்றிய பிறகு அதே நேரம், அதே வழி, ஏ.சி. போட்டு, ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள். அணைத்து, பத்து நிமிடம் வெயிலில் நிறுத்தி, சூட்டோடு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். ஓட்டத்துக்குப் பின் ஏறும் சூட்டில்தான் அரைகுறையாகச் சரியான சென்சாரும் ரிலேயும் மாட்டிக்கொள்ளும். கடைசியாகப் பெண்டிங் கோடு காலியாக இருக்கிறதா, லாங் டெர்ம் ஃப்யூவல் ட்ரிம் கூட்டல் கழித்தல் 10 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வண்டியைத் தொலைதூரம் எடுங்கள்.